மெமரி காலியாக இருக்கும்போதே கெர்னல் ஏன் கையை விரிக்கிறது? ஒதுக்கீட்டுத் தோல்விகளைக் கண்காணிப்பது பற்றி

கேள்வி: 2024 நவம்பர் 4, மாலை 6:12

16 ஜிபி மெமரி உள்ள பேக்கப் சர்வர், லினக்ஸ். வாரத்துக்கு ஓரிரு முறை டிமெஸ்க்கில் (கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, எழுதும் லாக்) "பேஜ் அலகேஷன் ஃபெயிலியர், ஆர்டர் 4" என்று வருகிறது. ஃப்ரீ கட்டளையைப் போட்டுப் பார்த்தால் நூறு எம்பிக்கு மேல் காலி. கேஷ் (டிஸ்க்கில் படித்ததை வைத்திருக்கும் மெமரி) மட்டும் பத்து ஜிபிக்கு மேல். இவ்வளவு மெமரி இருந்தும் ஏன் கிடைக்கவில்லை? லாக்கில் அந்த வரியை எண்ணி ஓர் அலர்ட் வைத்துவிட்டால் போதுமா?

நவம்பர் 4, இரவு 9:40

போதாது. அந்த வரியை எண்ணினால் கிடைப்பது அச்சான எச்சரிக்கைகளின் எண்ணிக்கை. தோல்விகளின் எண்ணிக்கை அதைவிட எவ்வளவோ அதிகமாக இருக்கலாம்.

இந்தச் செய்தியை எழுதுவது வார்ன்_அலாக் என்ற ஃபங்ஷன். அதற்குள்ளேயே ஒரு வேகத்தடை இருக்கிறது: இப்போதைய கெர்னல்களில் பத்து நொடிக்கு ஒரு செய்திதான் வெளியே வரும். அந்தப் பத்து நொடியில் ஒரு தடவை தோற்றாலும் ஆயிரம் தடவை தோற்றாலும் லாக்கில் ஒரே மாதிரிதான் தெரியும். விட்டுப்போனவற்றைப் பற்றிப் பிற்பாடு "வார்ன்_அலாக்: இத்தனை கால்பேக்ஸ் சப்ரஸ்ட்" என்று ஒற்றை வரி வரும். அலர்ட் எழுதுபவர்கள் அந்த வரியை மட்டும் விட்டுவிடுகிறார்கள். உங்கள் லாக்கில் முதலில் அதைத் தேடுங்கள்.

இன்னொன்று, மெமரி கேட்கும் கோடு நோவார்ன் என்ற ஃப்ளாக்கைச் சேர்த்துக் கேட்டிருந்தால் தோல்வி சத்தமே இல்லாமல் போய்விடும். லாக்கில் சுவடே இருக்காது. கெர்னலில் அப்படிக் கேட்கும் இடங்கள் ஏராளம்.

ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு, அந்தச் செய்தியின் கீழே வரும் மண்டல வரிகளை (மெமரியின் ஒவ்வொரு பகுதியின் கணக்கு) இங்கே போடுங்கள். "நோட் 0 நார்மல்" என்று தொடங்கி 4கேபி, 8கேபி என்று நீளும் வரி.

நவம்பர் 4, இரவு 10:05

ஆர்டர் என்பதைத் தெரியாதவர்களுக்காக. பேஜ் என்பது 4 கேபி. ஆர்டர் 0 என்றால் ஒரு பேஜ், ஆர்டர் 1 என்றால் அடுத்தடுத்து இரண்டு, ஆர்டர் 2 என்றால் நான்கு. இப்படி இரட்டித்துக்கொண்டே போகும். ஆர்டர் 4 என்றால் தொடர்ச்சியாகப் பதினாறு பேஜ், 64 கேபி. அந்தப் பதினாறும் மெமரியில் பக்கம் பக்கமாக ஒட்டி இருக்க வேண்டும். கல்யாணப் பந்தியில் அங்கங்கே ஒற்றை இலையாக முப்பது காலி இருந்தாலும், பதினாறு பேர் ஒரே வரிசையில் ஒட்டி உட்கார வேண்டும் என்று வந்து நின்றால் இடமில்லை என்றுதான் சொல்வார்கள். அதே நிலைமை.

நவம்பர் 5, காலை 8:20

கேட்டவர் போட்ட வரி இது:

நோட் 0 நார்மல்: 18211*4கேபி 6034*8கேபி 377*16கேபி 4*32கேபி 0*64கேபி 0*128கேபி 0*256கேபி 0*512கேபி 0*1024கேபி 0*2048கேபி 0*4096கேபி = 127276கேபி

இதைவிடத் தெளிவான வரி கிடைக்காது. மொத்தம் 124 எம்பி காலி. அதில் 71 எம்பி வெறும் ஒற்றை பேஜ்களாக உதிர்ந்து கிடக்கிறது. 32 கேபி துண்டு நான்கே நான்கு. அதற்கு மேல் வலது பக்கம் முழுக்க பூஜ்யம். கேட்டது 64 கேபி. மெமரி தீரவில்லை, நொறுங்கிவிட்டது.

"கேஷ் பத்து ஜிபி இருக்கிறதே, அதைக் காலி செய்து கொடுக்கக்கூடாதா" என்று கேட்டிருக்கிறீர்கள். கேஷ் பேஜ்களை விடுவிக்கலாம், நகர்த்தவும் செய்யலாம். கம்பாக்ஷன் செய்வது அந்த நகர்த்தல்தான். ஆனால் நகர்த்த முடியாத பேஜ்களும் இடையில் உட்கார்ந்திருக்கும்: ஸ்லாப் பொருட்கள் (கெர்னல் தன் சொந்தத் தேவைக்கு எடுக்கும் சிறு துண்டுகள்), பேஜ் டேபிள்கள், டிரைவர் பிடித்து வைத்த பஃபர்கள். ஒரு வரிசையின் நடுவில் அப்படி ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்த வரிசை வீண். எக்ஸ்86-இல் கெர்னல் மெமரியை 2 எம்பி பிளாக்குகளாகப் பிரித்து, நகர்பவை ஒரு பக்கம், நகராதவை ஒரு பக்கம் என்று வைக்கப் பார்க்கிறது. நெருக்கடி வரும்போது நகராதவை நகர்பவற்றின் பிளாக்கில் புகுந்துவிடும். புகுந்த பிறகு அந்த பிளாக் பழைய நிலைக்குத் திரும்ப நாளாகும். சில சமயம் ரீபூட் வரை திரும்பாது. பேக்கப் சர்வர் மாதிரி இரவு முழுக்கக் கோடிக்கணக்கான கோப்புகளைத் தொட்டு டென்ட்ரியும் ஐநோடும் (கோப்புகளின் பெயர், விவரக் குறிப்புகள்) குவிக்கிற மெஷினில் இது சீக்கிரமே நடக்கும்.

இந்தப் புகுதலுக்கென்றே ஒரு ட்ரேஸ்பாயின்ட் (கெர்னலுக்குள் நடப்பதைக் கவனிக்க வைத்த இடம்) இருக்கிறது: எம்எம்_பேஜ்_அலாக்_எக்ஸ்ட்ஃப்ராக். பேக்கப் ஓடும் நேரத்தில் அதைத் திறந்து வைத்துப் பாருங்கள். தோல்விக்குப் பல மணி நேரம் முன்பே அது பேச ஆரம்பித்துவிடும்.

நவம்பர் 5, மதியம் 1:15

ட்ராப்_கேஷஸை (கேஷைக் கொட்டச் சொல்லும் அமைப்பு) கிரானில், அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடும்படி, போடச் சொல்லி ஒருவர் எழுதியிருக்கிறார். வேண்டாம். கேஷை முழுக்கக் கொட்டிவிட்டால் அடுத்த ஒரு மணி நேரம் டிஸ்க் அல்லாடும். விடுபட்ட பேஜ்களும் உதிரி உதிரியாகவே விழும், பக்கத்துப் பக்கத்து பேஜ்கள் சேர்ந்து விடுபடும் என்று உறுதியில்லை. உடனடியாக ஏதாவது செய்தே ஆக வேண்டுமானால் கம்பாக்ட்_மெமரியில் 1 எழுதுங்கள். கெர்னல் 5.9 முதல் கம்பாக்ஷன்_ப்ரோஆக்டிவ்னஸ் என்ற ஒன்றும் இருக்கிறது, இயல்பு மதிப்பு 20. கெர்னல் தானாகவே பின்னணியில் ஒழுங்குபடுத்தும். பேக்கப் மெஷினில் அதைக் கொஞ்சம் ஏற்றிப் பார்ப்பதில் தப்பில்லை.

நவம்பர் 5, இரவு 11:30

இப்போது முக்கியமான விஷயம். ஆர்டர் 4 தோற்றபோது உங்கள் மெஷினில் எந்த புராசஸும் கொல்லப்படவில்லை, கவனித்தீர்களா? மெமரி தீர்ந்தால் புராசஸைக் கொல்லும் ஓஓஎம் கில்லர் வரவே இல்லை. அது ஏன் என்பதில்தான் கண்காணிப்பின் சூட்சுமமே இருக்கிறது.

கெர்னலில் ஓர் எல்லைக்கோடு உண்டு, பேஜ்_அலாக்_காஸ்ட்லி_ஆர்டர். அதன் மதிப்பு 3. அதற்கு மேல் கேட்டால் "இது பெரிய கேட்பு, முடிந்தவரை பார்க்கிறேன், இல்லையென்றால் இல்லை" என்ற கணக்கு. ஓஓஎம் கில்லரை அழைத்தும் பயனில்லை என்று கெர்னல் நினைக்கிறது, கையை விரித்துவிடுகிறது. ஆனால் ஆர்டர் 3 வரை, அதாவது 32 கேபி வரை, தூங்கிக் காத்திருக்கக்கூடிய சாதாரணக் கேட்பு என்றால் கெர்னல் ஏறக்குறைய ஒருபோதும் இல்லை என்று சொல்லாது. திரும்பத் திரும்ப முயலும், மெமரியை மீட்கும், கம்பாக்ஷன் செய்யும், கடைசியில் யாரையாவது கொன்றாவது கொடுக்கும்.

2014 கடைசியில் இது கெர்னல் ஆட்கள் நடுவில் பெரிய வாக்குவாதமானது. டெட்சுவோ ஹண்டா ஒரு முடக்கத்தைக் காட்டினார். ஒரு புராசஸ் பூட்டைப் பிடித்துக்கொண்டு மெமரிக்காகக் காத்திருக்கிறது. ஓஓஎம் கில்லர் சாகச் சொன்ன புராசஸ் அதே பூட்டுக்காகக் காத்திருக்கிறது. இருவரும் நகர முடியாது. சிறிய கேட்புகள் தோற்பதே இல்லை என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையின் பக்கமிருந்து டேவ் சின்னர் கடுமையாகக் கேள்வி எழுப்பினார். தோல்வி வந்தால் சமாளிக்கக் கோடு எழுதி வைத்திருக்கும் ஆட்களுக்கு அந்தக் கோடு ஓடவே போவதில்லை என்றால் கோபம் வராதா?

இதை இவ்வளவு சொல்லக் காரணம்: தோல்வியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பாதி நோய் கண்ணிலேயே படாது. பெரிய கேட்பு தோற்கும். சிறிய கேட்பு தோற்காது, தாமதிக்கும். மெமரிக்கான நெருக்கடி ஒன்றில் பிழையாகவும் இன்னொன்றில் மந்தமாகவும் வெளிப்படுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காத கண்காணிப்பு அரைகுறைதான்.

நவம்பர் 6, காலை 7:50

சிறியவை தோற்காது என்பதற்கு விலக்கு: இன்டரப்ட்டுக்குள் (சாதனம் குறுக்கிட்டு சிபியூவை அழைக்கும் நேரம்) இருந்து கேட்பவை. அவற்றின் ஃப்ளாக் ஜிஎஃப்பி_அட்டாமிக். அங்கே தூங்க முடியாது, மீட்க நேரமில்லை. கையிருப்பில் இருந்தால் கொடு, இல்லாவிட்டால் விடு. ஆர்டர் 0 கூட அங்கே தோற்கும்.

இந்த வகையை நான் நெருங்கிப் பார்த்திருக்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு ஸ்டோரேஜ் சர்வர், 9000 பைட் ஜம்போ ஃப்ரேம் (வழக்கத்தைவிடப் பெரிய நெட்வொர்க் பேக்கெட்). நெட்வொர்க் கார்டின் டிரைவர் ஒரு ஃப்ரேமுக்கு ஒரே பஃபராகக் கேட்கும் பழைய ரகம். 9000 பைட் 8 கேபியில் அடங்காது, ஆகவே 16 கேபிக்குப் போகும், ஆர்டர் 2. ஒவ்வொரு பேக்கெட்டுக்கும், இன்டரப்ட்டுக்குள், நான்கு பேஜ் ஒட்டி வேண்டும். இரவில் ரெப்ளிகேஷன் தொடங்கியதும் லாக்கில் தோல்விகள் கொட்டும். செய்தியின் தலைப்பில் சில சமயம் டேட்டாபேஸ் புராசஸின் பெயர், சில சமயம் "ஸ்வாப்பர்". டேட்டாபேஸ் பெயரைப் பார்த்துவிட்டு அதன் மெமரி அமைப்பைக் குறைத்துக் குறைத்துப் பல வாரங்கள் போயின.

அந்தப் பெயருக்கு அர்த்தமே கிடையாது. இன்டரப்ட் வந்த நொடியில் அந்த சிபியூவில் எது ஓடிக்கொண்டிருந்ததோ அதன் பெயர் அச்சாகும், அவ்வளவுதான். ஸ்வாப்பர் என்று வந்தால் சிபியூ சும்மா இருந்தபோது இன்டரப்ட் வந்தது என்று பொருள். ஸ்வாப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பார்க்க வேண்டியது கால் ட்ரேஸ், எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல். அதில் கார்டு டிரைவரின் ரிசீவ் ஃபங்ஷன் பளிச்சென்று இருந்தது. எம்டியூவை (ஒரு பேக்கெட்டின் உச்ச அளவு) 1500-க்கு இறக்கிய அன்று இரவே லாக் அமைதியானது. பிறகு டிரைவரை மாற்றியதும் 9000-க்குத் திரும்பினார்கள்.

அங்கே மிகவும் உதவிய கவுன்ட்டர் கெர்னல் மெமரி பக்கத்தில் இல்லை, நெட்வொர்க் கார்டைப் பார்க்கும் ஈத்டூலில் இருந்தது: அலாக்_ஆர்எக்ஸ்_பஃப்_ஃபெயில்ட். இன்டெல் டிரைவர்கள் பலவற்றில் உண்டு. வேகத்தடை கிடையாது, மௌனமும் கிடையாது. தோற்ற ஒவ்வொரு தடவையும் ஏறும். உங்கள் டிரைவரில் இப்படி ஒன்று இருந்தால் முதல் அலர்ட்டை அதில் வையுங்கள். தோல்வியால் யாருக்கு அடி விழுந்ததோ அவரே சொல்லும் கணக்கு அது.

நவம்பர் 6, மதியம் 12:40

மின்_ஃப்ரீ_கேபைட்ஸ் (கெர்னல் எப்போதும் காலியாக வைக்கப் பார்க்கும் மெமரி அளவு) பற்றி இரண்டு பேர் கேட்டதற்கு. அட்டாமிக் கேட்புகள் தோற்றால் இதை ஏற்றுவது சரியான மருந்து. ஆர்டர் 4-க்கு ஓரளவுதான் உதவும். கெர்னல் தானாகக் கணக்கிடும் மதிப்பு 16 ஜிபி மெஷினுக்கு 16384, அதாவது 16 எம்பி. ஆனால் பல மெஷின்களில் 67584 என்று பார்ப்பீர்கள். யாரும் மாற்றவில்லையே என்று குழம்ப வேண்டாம்: டிரான்ஸ்பரன்ட் ஹியூஜ் பேஜ் (2 எம்பி பேஜ்களைத் தானாகத் தரும் வசதி) இயங்கும்போது அதன் பின்னணி வேலையான கேஹியூஜ்பேஜ்டி அதை உயர்த்திவிடும். மூன்று மண்டலங்கள், 2 எம்பி பிளாக் என்று கணக்குப் போட்டால் சரியாக அந்த எண் வரும்.

கண்டபடி ஏற்றாதீர்கள். அது சாதாரணக் கேட்புகள் தொடக்கூடாத கையிருப்பு. அளவுக்கு மீறி ஒதுக்கினால் ஓஓஎம் கில்லரை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி ஆகும்.

நவம்பர் 7, இரவு 9:10

சரி, எண்ணுவது எப்படி என்பதற்கு வருகிறேன். முதல் பதிலில் வார்ன்_அலாக்கைக் குறை சொன்னேன் அல்லவா? எண்ணுவதற்கும் அதே ஃபங்ஷன்தான் வசதி.

பேஜ் ஒதுக்கீட்டின் மெதுவான பாதை எல்லா முயற்சியும் செய்து தோற்ற பிறகு, கடைசி இடத்தில் வார்ன்_அலாக்கை அழைக்கிறது. நோவார்ன் இருக்கிறதா, வேகத்தடை தாண்டியதா என்ற சோதனை இரண்டும் அந்த ஃபங்ஷனுக்கு உள்ளேதான் நடக்கின்றன. ஆகவே அதன் வாசலில் ஒரு கேப்ரோப் (அந்த ஃபங்ஷன் அழைக்கப்படும்போதெல்லாம் நம் கோடை ஓடவைக்கும் கண்ணி) வைத்தால், அச்சானவை, அடக்கப்பட்டவை, மௌனமாகப் போனவை எல்லாமே எண்ணிக்கையில் வந்துவிடும். பிபிஎஃப்ட்ரேஸ் என்ற கருவியில் ஒரே வரி. முதல் ஆர்குமென்ட் ஜிஎஃப்பி ஃப்ளாக்குகள், நான்காவது ஆர்டர். கேஸ்டாக்கையும் (அழைப்பு வந்த வழி) சேர்த்து மேப்பில் போட்டால் யார், எந்த ஆர்டரில், எத்தனை தடவை தோற்றார் என்ற பட்டியல் கிடைக்கும். தோற்கும்போது மட்டுமே ஓடும் இடம் என்பதால் சுமை என்று சொல்ல ஒன்றுமில்லை, மாதக்கணக்கில் ஓடவிடலாம்.

ஒரு கவனம்: விஎம்அலாக் (உதிரி பேஜ்களைச் சேர்த்துத் தருவது) தோற்றாலும் இதே ஃபங்ஷன்தான் வரும், அங்கே நான்காவது ஆர்குமென்ட் ஆர்டர் இல்லை. ஸ்டாக்கைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் 7, இரவு 10:30

"கேப்ரோப் எதற்கு, எம்எம்_பேஜ்_அலாக் ட்ரேஸ்பாயின்ட் இருக்கிறதே" என்று வந்த கேள்வி நல்ல கேள்வி. அந்த ட்ரேஸ்பாயின்ட் வெற்றி தோல்வி இரண்டிலும் அடிக்கும். தோற்றால் பிஎஃப்என் (பேஜின் எண்) இடத்தில் மைனஸ் 1 இருக்கும். அதை வைத்து வடிகட்டலாம். ஆனால் மெஷினில் நடக்கும் ஒவ்வொரு ஒதுக்கீட்டிலும் வடிகட்டி ஓடும். நொடிக்கு லட்சக்கணக்கில் ஒதுக்கும் மெஷினில் அதை நிரந்தரமாகத் திறந்து வைக்க எனக்கு மனம் வராது. ஐந்து நிமிடம் பார்க்க ஓகே.

நவம்பர் 8, காலை 6:45

நேற்று எழுதியதோடு சேர்க்க வேண்டியது ஒன்று. அந்த ட்ரேஸ்பாயின்ட் பார்க்கும், வார்ன்_அலாக் பார்க்காத ஒரு தோல்வி உண்டு: சிகுரூப் (புராசஸ் குழுவுக்கு மெமரி வரம்பு வைக்கும் வசதி) எல்லை. கன்டெய்னருக்குள் இருந்து கெர்னல் மெமரி கேட்கும்போது பேஜ் முதலில் கிடைத்துவிடும், பிறகு அதைச் சிகுரூப்பின் கணக்கில் ஏற்றப் பார்க்கும்போது எல்லை தாண்டியிருந்தால் கிடைத்த பேஜைத் திருப்பிவிட்டு இல்லை என்று சொல்லிவிடும். மெஷினில் மெமரி தாராளமாக இருக்கும், மெதுவான பாதைக்குப் போயிருக்கவே தேவையில்லை, எச்சரிக்கையும் இல்லை. கன்டெய்னருக்குள் மட்டும் ஏதோ சிஸ்டம் கால் இநோமெம் (மெமரி இல்லை) என்று திரும்பும்.

கன்டெய்னர் ஓட்டுபவர்கள் ஆகவே ஒவ்வொரு சிகுரூப்பின் மெமரி.ஈவன்ட்ஸ் கோப்பையும் படிக்க வேண்டும். அதில் மேக்ஸ் என்ற வரி எல்லையில் எத்தனை தடவை முட்டியது என்று சொல்லும். ஓஓஎம், ஓஓஎம்_கில் வரிகள் முட்டியதன் விளைவைச் சொல்லும். மேக்ஸ் ஏறிக்கொண்டே போய் ஓஓஎம் ஏறாமல் இருந்தால் அந்தக் கன்டெய்னர் மூச்சு முட்டிக்கொண்டு வேலை செய்கிறது. கேட்டவருக்கு இது பொருந்தாது, அவரிடம் கன்டெய்னர் இல்லை. படிக்கும் மற்றவர்களுக்காக.

நவம்பர் 8, மாலை 5:20

கேட்டவர் கேப்ரோப் போட்டுவிட்டு அலறியிருக்கிறார்: ஒரு மணி நேரத்தில் பல ஆயிரம் தோல்வி, லாக்கிலோ ஒன்றுமில்லை. பயப்பட வேண்டாம். அவர் போட்ட ஸ்டாக்கில் பெரும்பகுதி ஸ்லப் (கெர்னலின் ஸ்லாப் ஒதுக்கி), மீதி நெட்வொர்க்.

ஸ்லப் புது ஸ்லாப் எடுக்கும்போது முதலில் பெரிய துண்டாகக் கேட்டுப் பார்க்கும், மௌனமாக. கிடைக்காவிட்டால் சிறிய துண்டை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கும். சாக்கெட் பக்கமும் அப்படித்தான்: 32 கேபி கேட்டுப் பார்க்கும், இல்லையென்றால் ஒரு பேஜ். ஹியூஜ் பேஜும் அதே கதை. இவை தோற்பதற்கென்றே எழுதப்பட்டவை. கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை என்ற நினைப்பில் கேட்கப்படுபவை. இந்த எண்ணிக்கை ஏறுகிறது என்றால் மெமரி நொறுங்குகிறது என்பதற்கான அறிகுறி, அவ்வளவுதான். யாருக்கும் அடி விழவில்லை.

ஆகவே ஸ்கிரிப்ட்டில் இரண்டு கூடை வையுங்கள். நோவார்ன் ஃப்ளாக் உள்ளவை ஒன்றில், இல்லாதவை ஒன்றில். அலர்ட் இரண்டாவதுக்கு மட்டும். முதலாவதை வரைபடத்தில் போட்டுப் போக்கைப் பாருங்கள். அந்த ஃப்ளாக்கின் பிட் கெர்னலுக்குக் கெர்னல் மாறியிருக்கிறது. இணையத்தில் கிடைத்த எண்ணை அப்படியே ஒட்டாமல் உங்கள் கெர்னலின் ஹெடரிலிருந்து எடுங்கள்.

நவம்பர் 9, காலை 10:00

தோல்விக்கு முன்பே தெரிந்துகொள்ள என்ன பார்ப்பது? எனக்கு நம்பிக்கையானவை இவை.

விஎம்ஸ்டாட் கோப்பில் (கெர்னலின் மெமரி கவுன்ட்டர்கள்) அலாக்ஸ்டால் என்று தொடங்கும் வரிகள்: ஒரு புராசஸ் தன் வேலையை நிறுத்திவிட்டுத் தானே மெமரி மீட்கப் போன தடவைகள். கம்பாக்ட்_ஸ்டால், கம்பாக்ட்_ஃபெயில்: ஒட்டிய துண்டுக்காக நின்றவையும், நின்றும் கிடைக்காதவையும். கம்பாக்ட்_ஃபெயில் திடீரென்று செங்குத்தாக ஏறினால் ஆர்டர் 4 தோல்வி வாசலில் நிற்கிறது. பிறகு பட்டிஇன்ஃபோ கோப்பு: அந்த நார்மல் வரியின் வலது பாதி பூஜ்யமாகிக்கொண்டு வருவதைக் கண்ணால் பார்க்கலாம். தாமதத்துக்கு பிஎஸ்ஐ (நெருக்கடி அளவீடு), யோஹானஸ் வைனர் எழுதியது, கெர்னல் 4.20-இல் வந்தது. ப்ரெஷர் கோப்பகத்தில் மெமரி என்ற கோப்பில் "சம்", "ஃபுல்" என்று இரண்டு வரி. மெமரிக்காக வேலைகள் எவ்வளவு நேரம் நின்றன என்பதைப் பத்து, அறுபது, முந்நூறு நொடி சராசரியாகத் தரும். சிறியவை தோற்காது, தாமதிக்கும் என்றேனே, அந்தத் தாமதத்தை நேரடியாக அளப்பது இதுதான்.

இங்கே ஒரு பொறி. ப்ரோமீதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளின் நோட் எக்ஸ்போர்ட்டர் போட்டிருக்கிறோம், எல்லாம் வந்துவிடும் என்று பலர் இருக்கிறார்கள். வராது. இயல்பான அமைப்பில் விஎம்ஸ்டாட்டிலிருந்து அது எடுப்பது ஓஓஎம்_கில், பேஜிங், ஸ்வாப், ஃபால்ட் வரிகளை மட்டும். அலாக்ஸ்டால் இல்லை, கம்பாக்ட் இல்லை. பட்டிஇன்ஃபோ கலெக்டர் அணைந்தே இருக்கும். வடிகட்டியில் அந்தப் பெயர்களைச் சேர்த்து, பட்டிஇன்ஃபோவைத் திறந்துவிடுங்கள். பிரச்சினை வந்த பிறகு திறந்தால் முந்தைய வாரத்து வரைபடம் கிடைக்காது, தேவைப்படுவதோ அந்த வாரத்துடையதுதான்.

நவம்பர் 9, இரவு 8:30

எனக்கு வெகுநாளாக உறுத்தும் ஒன்றைச் சொல்லியே தீர வேண்டும். விஎம்ஸ்டாட்டில் இத்தனை வரிகள் இருந்தும் "பேஜ் ஒதுக்கீடு இத்தனை தடவை தோற்றது" என்று ஆர்டர்வாரியாகச் சொல்லும் ஒரு பொதுக் கவுன்ட்டர் இல்லை. ஃப்ரீபிஎஸ்டியில் விஎம்ஸ்டாட் மைனஸ் இசட் போட்டால் ஒவ்வொரு ஸோனுக்கும் ஃபெயில் என்று ஒரு நெடுவரிசை. நெட்ஸ்டாட் மைனஸ் எம் போட்டால் மறுக்கப்பட்ட எம்பஃப் (நெட்வொர்க் பஃபர்) கேட்புகள். சோலாரிஸில் எம்டிபி என்ற டீபக்கருக்குள் கேஎம்ஏஸ்டாட் என்றால் ஒவ்வொரு கேஷுக்கும் எத்தனை ஒதுக்கீடு வெற்றி, எத்தனை தோல்வி என்று பக்கத்தில் பக்கத்தில். ஸ்லாப் என்ற முறையையே 1994-இல் உலகுக்கு எழுதிக் காட்டிய ஜெஃப் போன்விக்கின் அலகேட்டர் அது. அந்த முறையை எடுத்துக்கொண்ட லினக்ஸ் அந்த நெடுவரிசையை எடுத்துக்கொள்ளவில்லை.

மௌனத் தோல்விகள் நிறைய இருப்பதால் ஒற்றை எண் குழப்பும் என்ற வாதம் எனக்குப் புரிகிறது. அதற்கு இரண்டு எண் வைக்கலாமே. எச்சரித்தது, எச்சரிக்காதது. தோற்கும் பாதை மெதுவான பாதை. அங்கே ஒரு கூட்டல் யாருக்கும் சுமையில்லை. கேப்ரோப் போட அனுமதி இல்லாத, பூட்டி வைத்த மெஷின்களில் இருப்பவர்களுக்கு இன்று வழியே இல்லை.

நவம்பர் 10, மதியம் 3:00

அலர்ட் வேலை செய்கிறதா என்று சோதிப்பது எப்படி என்று கேட்டது சரியான கேள்வி. கெர்னலே வேண்டுமென்று தோற்கும்படி செய்ய வழி உண்டு. ஃபால்ட் இன்ஜெக்ஷன், அகினோபு மீட்டாவின் வேலை, 2.6.20-இலிருந்து இருக்கிறது. ஃபெயில்ஸ்லாப் ஒன்று, ஃபெயில்_பேஜ்_அலாக் ஒன்று. டீபக்எஃப்எஸ்ஸில் ப்ராபபிலிட்டி, இன்டர்வல், டைம்ஸ் என்று கோப்புகள் இருக்கும். மின்-ஆர்டர் என்ற கோப்பில் 4 எழுதினால் அதற்குக் குறைந்தவற்றைத் தொடாது. டாஸ்க்-ஃபில்ட்டரைப் போட்டுக்கொண்டால் நீங்கள் சொன்ன புராசஸ் மட்டும் தோற்கும்.

ஆனால் கெர்னலைத் தனியாகக் கட்ட வேண்டும், லினக்ஸ் விநியோகங்கள் (டிஸ்ட்ரோக்கள்) தரும் கெர்னலில் பொதுவாக இது இருக்காது. டெஸ்ட் மெஷினில் மட்டும். இன்னொன்று, இந்தத் தோல்வி மெதுவான பாதைக்குப் போகும் முன்பே திருப்பி அனுப்பப்படும், ஆகவே வார்ன்_அலாக் கேப்ரோப்பில் இது விழாது. டிரைவரின் கவுன்ட்டரையும், தோற்ற பிறகு டிரைவர் நடந்துகொள்ளும் விதத்தையும் சோதிக்க இது. கேப்ரோப்பைச் சோதிக்க மெமரியை நிஜமாகவே நொறுக்கித்தான் ஆக வேண்டும்.

தோற்காத கேட்புகளின் பிழைப்பாதைகள் ஓடாமலே கிடக்கின்றன என்று 5-ஆம் தேதி எழுதினேன். அவற்றை ஓடவைப்பது இந்த வசதிதான். 2017-இல் ஃபெயில்-என்த் என்று ஒன்று வந்தது: ஒரு சிஸ்டம் காலுக்குள் முதல் ஒதுக்கீட்டைத் தோற்கடி, பிறகு இரண்டாவதை, பிறகு மூன்றாவதை என்று வரிசையாகப் போகலாம். பிழை தேடும் கருவியான சிஸ்காலர் இதை வைத்துத்தான் அந்தப் பாதைகளில் நுழைந்து பிழைகளை வெளியே இழுக்கிறது.

நவம்பர் 10, இரவு 9:15

சீரியல் கன்சோல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தோல்விச் செய்தி ஒன்று பல கேபி நீளம். 115200 பிட் வேகத்தில் நொடிக்குப் பதினோரு கேபி சொச்சம்தான் போகும். வேகத்தடை வைத்ததற்கு இதுவும் நியாயமான காரணம். அது இல்லாவிட்டால் எச்சரிக்கையே மெஷினை நிறுத்திவிடும். லாக்கை நெட்வொர்க் வழியே அனுப்பும் நெட்கன்சோலின் நிலைமை இன்னும் கஷ்டம்: மெமரி இல்லை என்று சொல்லப் பேக்கெட் அனுப்ப வேண்டும், பேக்கெட்டுக்கு மெமரி வேண்டும். அதற்காகவே அதன் அடியில் இயங்கும் நெட்போல் 32 பேக்கெட் பஃபர்களை முன்கூட்டியே எடுத்து வைத்திருக்கிறது.

நவம்பர் 12, மாலை 7:40

கேட்டவர் இன்று போட்ட ஸ்டாக்கோடு விஷயம் தெளிந்துவிட்டது. நோவார்ன் இல்லாத கூடையில் இருந்தவை எல்லாம் ஒரே இடம்: டேப் கார்டுக்காக வெளியிலிருந்து வாங்கிப் போட்ட மாட்யூல். சாதனத்தைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் கேமலாக்கில் (ஒட்டிய மெமரி கேட்கும் ஃபங்ஷன்) 40 கேபிக்குக் கொஞ்சம் மேல் கேட்கிறது. ஸ்லாப்பின் எல்லையைத் தாண்டிய அளவு என்பதால் நேராகப் பேஜ் ஒதுக்கீட்டுக்குப் போகும், அங்கே 64 கேபியாக உருளும். ஆர்டர் 4. சாதனம் திறப்பது தோற்று, பேக்கப் மென்பொருள் சத்தமில்லாமல் மறுமுயற்சி செய்துகொண்டிருந்திருக்கிறது. லாக்கில் வாரம் ஓரிரண்டாகத் தெரிந்ததன் பின்னால் இருந்தது இவ்வளவு.

6.10 கெர்னலுக்குப் போக முடிந்தால் அலாக்இன்ஃபோ என்ற கோப்பில் ஒவ்வொரு கோடு வரியும் எவ்வளவு மெமரியைப் பிடித்திருக்கிறது என்று பார்க்கலாம். சுரேன் பாக்தசர்யனும் கென்ட் ஓவர்ஸ்ட்ரீட்டும் செய்தது. நகராத பேஜ்களை யார் குவிக்கிறார்கள் என்று தேடும்போது கைகொடுக்கும். இந்த மாட்யூலுக்கு அது தேவையில்லை.

மாட்யூலின் மூலநிரல் கையில் இருக்கிறது என்கிறார். அப்படியானால் அந்த வரியில் கேமலாக்குக்குப் பதில் கேவிமலாக், விடுவிக்கும் இடத்தில் கேஃப்ரீக்குப் பதில் கேவிஃப்ரீ. 4.12-இலிருந்து இருக்கிறது. ஒட்டிய துண்டு கிடைத்தால் அதை எடுக்கும், கிடைக்காவிட்டால் உதிரி பேஜ்களைச் சேர்த்து ஒன்றாகக் காட்டும். மாற்றும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: அந்த பஃபர் டிஎம்ஏ_மேப்_சிங்கிளுக்கு (சாதனம் மெமரியை நேரடியாகத் தொடும் டிஎம்ஏவுக்கான ஃபங்ஷன்) போகிறதா? போனால் இந்த மாற்றம் கூடாது. உதிரி பேஜ்கள் டிஎம்ஏவுக்கு அப்படிக் கொடுக்கக்கூடியவை அல்ல. அந்த நிலையில் மாட்யூல் ஏறும்போதே ஒரு தடவை வாங்கி வைத்துக்கொண்டு, திறக்கும்போதெல்லாம் அதையே பயன்படுத்தும்படி எழுத வேண்டும். பூட் ஆன புதிதில் ஆர்டர் 4 தாராளமாகக் கிடைக்கும்.